பேஸ் வராது

மேசைமேல் மூன்று மைக் பெட்டிகள் திறந்து கிடந்தன. மூன்றில் ஒன்றும் உருப்படியில்லை என்று திறக்கும்போதே ஜெனோவாவுக்குத் தெரியும், ஆனாலும் ஒவ்வொன்றாக மூடி, மறுபடி திறந்து, முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்கு நுங்கம்பாக்கத்தில் அந்த ஹோட்டலின் கீழ்த்தளக் கிளப்புக்குள் ரெக்கார்ட் பண்ண மைக்கோடு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிஜே அர்ஷத் ஆறரைக்கே பாட்டு செட்டை ஆரம்பித்துவிடுவான், பத்துக்குள் கிளப்பை மூடிவிடுவார்கள், அவன் சொல்லிவிட்டான், இந்தத் தடவையும் சொதப்பினால் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. கோதண்டம் அண்ணன் உள் அறையில் மைக் மாட்டுகிற கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தார், தேடுகிறாரா போன் பேசுகிறாரா தெரியவில்லை, இரண்டுக்கும் ஒரே முனகல்தான். சாலிகிராமத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு மைக் வாடகைக்கு விடுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு, சாமானைப் பிள்ளை மாதிரி வைத்திருப்பவர் இவர் ஒருத்தர்தான், அவரிடமே இன்று பார்த்து இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கிற அந்தச் சின்ன ஜோடி, பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கென்றே பிறந்தது, கும்பகோணத்துக்கு நாதஸ்வரம் ரெக்கார்டிங் போயிருக்கிறதாம். நாதஸ்வரத்தில் எங்கே இருக்கிறது பேஸ்? தவிலில் இருக்கிறது, சரி, இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் தவில்காரருக்கு இன்றைக்குத்தானா வாசிக்க வேண்டும். முதல் பெட்டியில் ஒரு முழ நீளத்துக்கு ஷூட்டிங் மைக். நடிகையின் வாய்க்கு நேராக நீட்டினால் பத்தடி தூரத்திலிருந்து பெருமூச்சைக்கூடப் பிடுங்கி வந்துவிடும். கிளப்பில் இதை யார் வாய்க்கு நேராக நீட்டுவது? பேஸுக்கு வாய் ஏது, அது சுவரிலிருந்து வரும், தரையிலிருந்து வரும், பக்கத்தில் ஆடுகிறவன் முதுகிலிருந்துகூட வரும். இரண்டாவது பெட்டியில் மேடை மைக் நாலு, கட்சிக்காரர்கள் உதட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு கத்துகிற வகை. இடி விழுந்தாலும் தாங்கும். தாங்கும், அவ்வளவுதான், நாற்பது அடி தள்ளி நடக்கிறது எதுவும் அதற்குக் கேட்காது. மூன்றாவது பெட்டியை அவள் திறந்தாளே தவிர உள்ளே பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், பேனா அளவில் இரண்டு கறுப்பு மைக், கறுப்பு ஸ்பாஞ்சுக்குள். மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளை பிளாஸ்திரி, அதில் நீல பால்பாயின்ட் பேனாவால் கோதண்டம் அண்ணனின் குண்டு குண்டு எழுத்து: பேஸ் வராது – ஜெனோவா.

பேரை எதற்கு எழுதினார்? யார் புகார் சொன்னார்களோ அவர்கள் பேரை எழுதிவைப்பது அவர் வழக்கம், மைக் ரிப்பேருக்குப் போகும்போது கேட்டுச் சொல்ல வசதியாக, தப்பாக ஒன்றும் இல்லை. ஆனாலும் படிக்கும்போது ஜெனோவாவுக்கு பேஸ் வராது என்றுதான் இருக்கிறது, இந்தப் பெண்ணுக்குச் சங்கீதம் வராது என்கிற மாதிரி. வராதாம். ஒன்பது வருஷம் சினிமாவில் மைக் தொங்குகிற பூம் கம்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றவளுக்கு வராதாம். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது, மழை வந்தால் இடது பக்கம் முதலில் சொல்லிவிடும். அந்த வேலையை விட்டுவிட்டு இப்படிக் கிளப் கிளப்பாக மைக்கைக் கட்டிக்கொண்டு அலைவதற்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. எல்லாரும் ஒரே கேள்வி. மிக்ஸர் போர்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ரெக்கார்டரில் சொருகினால் பாட்டு சுத்தமாக வந்துவிடுமே, மைக் எதற்கு? ஹோட்டல் மேனேஜர் கேட்டார், வாசலில் நிற்கிற பவுன்சர் கேட்டான், அர்ஷத்தே கேட்டான், அவன்தான் செட் போடுகிறவன், அவனுக்கே தெரியவில்லை. சுத்தமாக வரும்தான். ஆனால் அது யாரும் இல்லாத அறையில் வாசித்த மாதிரி வரும். அந்த முப்பது ஹெர்ட்ஸ் அடி விழும்போது முன்னூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது போர்டில் வராது. கூரையில் அந்தத் தகரக் குழாய் கடகடவென்று ஆடுவது வராது. நீண்ட நேரம் பேஸை நிறுத்திவைத்து, எல்லாரும் ஏங்கி, திடீரென்று அவன் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரோ ஒருத்தி ‘ஐயோ’ என்பாளே, சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், அது வராது. அந்த ஐயோவுக்காகத்தான் மைக். இதை ஒருத்தருக்கும் விளக்க முடியவில்லை. அர்ஷத்துக்கு ஒரு மாதிரி விளக்கி, அவன் தலையாட்டி, ராயப்பேட்டையில் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து இரண்டு பேருமாகத் திட்டம் போட்டார்கள். கிளப்பில் நடந்ததை நடந்தபடியே ஒரு ஆல்பமாக. அட்டையில் அவன் பேர், கீழே ஒலிப்பதிவு ஜெனோவா. கீழே என்றாலும் அவள் பேர்.

அந்தக் கிளப்பும் லேசுப்பட்டதில்லை. ஹோட்டல்காரர்கள் முதலில் அதைப் பாத்திரம் அடுக்கக் கட்டியிருப்பார்கள் போல, ஒரு சுவர் நேராகவும் ஒரு சுவர் கோணலாகவும், நடுவில் ஒரு தூண். மூலையில் போய் நின்றால் மழைத்தண்ணீர் தேங்குகிற மாதிரி பேஸ் தேங்கிக் கிடக்கும், பல்லெல்லாம் கூசும். அங்கிருந்து நாலு எட்டு நடுவே வந்தால் ஒன்றுமே இருக்காது, யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி. ஆட வருகிறவர்களுக்கு அது தெரியாது, ஆடிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் அந்த இடத்தில் மட்டும் கூட்டம் எப்போதும் கொஞ்சம் குறைவு. அவள் பகலில் போய் காலடி காலடியாக நடந்து பார்த்திருக்கிறாள், தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள், சுத்தம் செய்கிற அம்மா என்ன கண்ணு கோலமா என்று கேட்டார்கள். மைக்கைத் தூணுக்குப் பக்கத்தில் கட்டலாமா, கூரையிலிருந்து தொங்கவிடலாமா, சப் என்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கரின் வாய்க்கு நேரே வைத்தால் காற்றே வந்து அறையும், ஒரு முழம் விலக்கினால் சரியாக இருக்கும், ஆனால் அங்கே யாராவது பீர் டம்ளரை வைப்பார்கள். ரெக்கார்டரைப் பற்றிக் கவலையில்லை, அவளுடையது, எவ்வளவு சத்தம் வந்தாலும் உடையாத ரகம், ஆனால் ரெக்கார்டர் தாங்கி என்ன பயன், அதற்கு முன்னாலேயே மைக் திணறிவிட்டால் திணறலைத்தான் சுத்தமாகப் பதியும். அறை கோணல், தூண் தடுக்கிறது, கும்பகோணத்தில் தவில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சட்டென்று அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். பழமொழி சொன்னவன் அந்தக் கூடத்தைப் பார்த்தானா? சில கூடங்கள் உண்மையிலேயே கோணல்தான். எழுந்துபோய் ஏசியின் கீழே நின்றாள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வைத்திருந்த பெயின்ட் டப்பா நிறைந்து வழிகிற நிலையில் இருந்தது, அதைக் கொட்டலாமா என்று யோசித்து, கொட்டாமல் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் இதே மேசை, இதே நாற்காலி. அன்றைக்கு இந்தப் பேனா மைக் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அர்ஷத் வாசித்ததைப் போல அவன் வாசித்ததே இல்லை. அவள் தூணில் சாய்ந்து நின்றாள். ஹெட்போனைக் காதில் போட்டிருந்தாள், போட்டு என்ன, அந்த மாதிரி இடத்தில் ஹெட்போன் ஒரு காதணி, அவ்வளவுதான். பேஸ் காது வழியாகவா வருகிறது? உள்ளங்கால் வழியாக வந்து, தொடையில் ஏறி, வயிற்றில் உட்கார்ந்துகொள்கிறது. ஹெட்போனுக்குள் வருகிறதா, தூண் வழியாக வருகிறதா, யார் கண்டது. நிறைந்திருந்தது, நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மீட்டரில் பச்சை விளக்கு நன்றாகத்தான் ஏறி இறங்கியது. அந்த ஐயோ வந்த நிமிஷத்தில் அவளுக்கே கண் கலங்கியது, கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று தூணைத் தட்டினாள். மறுநாள் காலை அர்ஷத்தின் காரில் போட்டுக் கேட்டார்கள். அவன் வாங்கியதிலேயே அந்தக் காரின் ஸ்பீக்கர்தான் விலை அதிகம் என்பான். இரண்டு நிமிஷம் கேட்டான். ஒலியை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். “என்ன ஜெனோ இது, மாத்திரை டப்பாவ ஆட்டற மாதிரி இருக்கு” என்றான். உண்மைதான். சளக் சளக் என்று மேலே ஒரு சத்தம், ஜனங்களின் கூச்சல், அந்த ஐயோ பளிச்சென்று, ஆனால் எதற்காக அவள் ஐயோ என்றாள் என்று கேட்பவனுக்குப் புரியாது. அடியில் ஒன்றுமில்லை. அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்டீரிங்மேல் விரலால் தட்டிக்கொண்டு, “வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னான், அவள் உடனே, யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, “மைக் பழசு அர்ஷத், வாடகைக் கடை மைக், இப்படித்தான் கழுத்தறுக்கும்” என்று. சொல்லும்போது அது பொய்யில்லை. அப்போது அவளுக்குத் தெரியாது. அப்போது தெரியாது என்பதை அவள் இந்த மூன்று வாரத்தில் எத்தனை தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள் என்று எண்ணினால் வெட்கக்கேடு.

அன்று சாயங்காலம் மைக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கோதண்டம் அண்ணனிடமும் அதையே சொன்னாள். பேஸ் வரல அண்ணே. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அப்படியா, போன மாசம்தானே செக் பண்ணேன், சரி பாக்கறேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குப் போனவள் சும்மா இருக்காமல் லேப்டாப்பைத் திறந்து, எந்தச் சத்தம் எவ்வளவு இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிற அந்தச் சன்னலைத் திறந்தாள். வலதுபக்கம் மலை மலையாக இருந்தது. இடதுபக்கம், எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே, பேஸ் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே சரிவு. கத்தியால் வெட்டிய மாதிரி ஒழுங்கான சரிவு. ஏற்றிப் பார்த்தாள், உறுமல்தான் வந்ததே தவிர அடி வரவில்லை. அப்புறம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் கெட்டுப்போனால் கரகரக்கும், இழுக்கும், விட்டு விட்டு வரும், ஒரு பக்கம் செத்துப்போகும். இரண்டு மைக்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில், இவ்வளவு சுத்தமாகக் கெட்டுப்போகுமா? அந்தக் கேள்வி பாதி வந்தது. மீதி வருவதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டாள். எழுந்துபோய்த் துவைத்த துணியை மடித்தாள், அடுத்த வீட்டுத் துணியையும் சேர்த்து மடித்திருப்பாள், அவ்வளவு வேகம்.

“கிடைச்சுது கிடைச்சுது” என்று கோதண்டம் அண்ணன் இரண்டு கிளிப்போடு வெளியே வந்தார். “எலி இழுத்துட்டுப் போயிருச்சோன்னு பாத்தேன். என்னம்மா, எது எடுக்கறே?”

“எதுவும் சரிப்படல அண்ணே. அந்தச் சின்ன ஜோடி இருந்திருந்தா...”

“கும்பகோணத்துலேந்து ராத்திரிதான் வரும். இத எடுத்துட்டுப் போன்னு சொல்லலாம்.” மூன்றாவது பெட்டியை விரலால் காட்டினார். “நீயே வேணாம்னுட்ட. நீ குடுத்த மாதிரியே வச்சிருக்கேன், ஒரு திருகாணியக்கூடத் தொடல, கம்பெனி ஆளு வந்தா காட்டலாம்னு.” எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சாம்பார் சாத வாசம் வந்தது. “ஒண்ணு சொல்லட்டா? நீ போனப்புறம் அத மாட்டி ரெண்டு மூணு தரம் கேட்டேன். பேசிப் பாத்தேன், கடை ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு ரெக்கார்ட் பண்ணிப் பாத்தேன். எனக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துது.”

“கடை ஸ்பீக்கர்ல ஏதுண்ணே பேஸ்” என்றாள், குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

“அதில்ல. முப்பத்தி மூணு வருஷமா இந்தக் காத வச்சித்தான் சோறு. மைக்குல குறைன்னு நீ சொல்றே, எனக்கு அது கேக்கல. அப்ப குறை எங்க? நேத்துகூட வீட்டுல பொண்டாட்டி ஏதோ சொல்லிச்சு, என்னன்னு ரெண்டு தரம் கேட்டேன். செவ்வாக்கெழம காது டாக்டர்கிட்ட போறேன்.” சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை. “ராமேஸ்வரத்துல ரெண்டு மாசம் ஒரு படம், டப்பிங் இல்லாம முழுக்க லைவ் சவுண்டு, அந்த டைரக்டர் தம்பி நான்தான் வரணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. எத்தன வருஷம் கழிச்சு ஒருத்தன் கூப்பிடறான். நாலு மணிக்குப் பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிறப் போறேன், காதக் கெடுத்து வச்சிக்கிட்டு இன்னொருத்தன் படத்தையும் எதுக்குக் கெடுக்கணும்.” எழுந்தார். “ஒயர் எத்தன அடி வேணும்? அம்பதா?” பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி உள்ளே போய்விட்டார்.

இப்போது பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஸ்பாஞ்சிலிருந்து ஒரு மைக்கை உருவினாள், அதன் இடுப்பில் அரிசி அளவுக்கு ஒரு பொத்தான், அதற்குப் பக்கத்தில் இரண்டு படம், ஒன்று நேர்கோடு, ஒன்று இடதுபக்கம் சாய்ந்து இறங்குகிற கோடு. நேர்கோடு என்றால் வருவதையெல்லாம் விடு. சாய்ந்த கோடு என்றால் அடிச்சத்தத்தை வெட்டு. லோ கட். பொத்தான் சாய்ந்த கோட்டில் இருந்தது. இரண்டாவதை உருவினாள். அதிலும். நீ குடுத்த மாதிரியே வச்சிருக்கேன். மூன்று வாரமாகப் பாதியில் நிறுத்திவைத்திருந்த கேள்வியின் மீதி இப்போது வந்து நின்றது, அதற்கு அவசரமே இல்லை. யார் போட்டது என்று கேட்க வேண்டியதில்லை. வலதுகைக் கட்டைவிரல் ஏற்கெனவே அந்தப் பொத்தான்மேல் உட்கார்ந்திருந்தது, அவள் சொல்லி உட்காரவில்லை. மைக்கைக் கையில் எடுத்தால் அது அங்கேதான் போய் உட்காரும், செருப்பைக் கழற்றுகிற கால் மாதிரி. முதல் படத்தில், முதல் நாள், ஜெனரேட்டர் உறுமலோடு ஒரு முழு சீனையும் எடுத்துவிட்டு அத்தனை பேர் நடுவில் வாங்கிக் கட்டிக்கொண்டாள், லோ கட் போடத் தெரியாதவளெல்லாம் மைக்கை ஏன் தொடறே என்று. அன்றிலிருந்து ஒன்பது வருஷம் மைக்கை எடுத்தவுடன் கட்டைவிரல் நகம் டிக் என்று அதைத் தள்ளிவிடும். வசனத்துக்கு அடிச்சத்தம் எதிரி. ஜெனரேட்டர், ஏசி, காற்று, தூரத்து லாரி, எல்லாம் அந்த எண்பதுக்குக் கீழே வசிக்கிற சனியன்கள், வெட்டிவிடு. சினிமாவில் மைக் என்றாலே லோ கட் போட்ட மைக்தான், அண்ணனுக்கும் அதுதான் மைக், அதனால்தான் அவர் கண்ணில் பொத்தான் படவே இல்லை. எந்தச் சத்தத்தைத் தேடி சினிமாவை விட்டு ஓடிவந்தாளோ, அந்தச் சத்தத்தைத் தன் கையாலேயே வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அன்று தூணடியில் மைக்கை மாட்டியபோது டிக் என்று கேட்டதா? கேட்டிருக்கும். அவளுக்கு அது ஒரு சத்தமே இல்லை.

சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. இந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வெட்டியா போட முடியும். யாரும் பார்க்கவில்லை. உள்ளே அவர் ஒயரைச் சுற்றுகிற சத்தம் கேட்டது. நகத்தால் ஒரே தள்ளு போதும். இரண்டு பொத்தானையும் நேர்கோட்டுக்குத் தள்ளிவிட்டு, வேற வழியில்ல அண்ணே, இதையே எடுத்துட்டுப் போறேன் என்றால் முடிந்தது. இன்று நன்றாக வரும். வந்தால், என்னமோ அண்ணே, இன்னைக்கு வந்துருச்சு, ஒயர் லூசா இருந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒயர்மேல் பழியைப் போட்டால் ஒயருக்குக் காது டாக்டர் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டர் அவர் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார், அது நல்லதுதானே. ஆனால் நாலு மணிக்கு அவர் ராமேஸ்வரத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இப்போது மூன்று இருபது. சொன்னால்? சொன்னால் அண்ணன் இனிமேல் இவள் கையில் மைக் கொடுப்பாரா? அதைவிட, அர்ஷத். மைக் பழசு என்பதை நம்பித்தான் இன்றைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறான். லோ கட்டை எடுக்க மறந்தேன் என்றால் அது மறதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அரிச்சுவடி தெரியாதவள் என்பார்கள், பேஸை ரெக்கார்ட் பண்ணப் போனவள் பேஸை மூடிவைத்துவிட்டு ரெக்கார்ட் பண்ணினாளாம் என்று ஊரே சிரிக்கும், அர்ஷத் சிரிக்க மாட்டான், போர்டு ஒயரே போதும் ஜெனோ என்பான், மெதுவாகத்தான் சொல்வான். அப்புறம் அட்டையில் கீழே இருக்கிற பேரும் இருக்காது. சினிமாவுக்குத் திரும்பப் போகலாம், கம்பைத் தூக்கலாம், தோள் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது. கைப்பேசி அதிர்ந்தது. அர்ஷத். எடுக்கவில்லை. அது மேசையில் அதிர்ந்து நகர்ந்து மூன்றாவது பெட்டியில் முட்டி நின்றது. கடையின் கண்ணாடிக் கதவும் சேர்ந்து அதிர்கிற மாதிரி இருந்தது, இல்லை, அது வேறு. பக்கத்து அபார்ட்மென்டுக்குத் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. இன்ஜினை அணைக்காமல் தொட்டியில் தண்ணீரை இறக்குகிறான். அந்த உறுமல் தரை வழியாக நாற்காலிக் காலில் ஏறி அவள் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. நல்ல பேஸ். முப்பது இருக்குமா, முப்பத்தைந்தா. இந்த நேரத்திலும் அவளால் அதை அளக்காமல் இருக்க முடியவில்லை.

ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுத்தாள். பொத்தானைத் தொடாமல் கடை ஒயரிலேயே மைக்கைச் சொருகினாள். “அண்ணே, கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள்.

அவர் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அவள் ஹெட்போனை நீட்டினாள். “இத ஒரு தரம் கேளுங்க.”

“எதுக்கும்மா, அதான் அதுல வராதுன்னு...”

“கேளுங்கண்ணே.”

மாட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணை மூடினார். அவள் மைக்கை வாசல் பக்கம் பிடித்தாள். “என்ன கேக்குது?”

“தண்ணி விழுது. ஓஸ் பைப்பு எதிலயோ அடிக்குது.” நிதானமாகச் சொன்னார், சாமி கும்பிடுகிறவர் மாதிரி. “காக்கா. மாடில ஒரு அம்மா யாரையோ திட்டுது. நல்லாத்தான் இருக்கு.”

“லாரி?”

“என்ன லாரி?” கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் லாரி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்த்தார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் அப்படியே இறங்கிவிட்டது. “லாரி நிக்குது” என்றார். “நிக்குதும்மா. எனக்குக் கேக்கல.”

இதை அவள் நினைத்திருக்கவில்லை. அந்த முகத்தை இன்னொரு நொடி பார்த்தால் தாங்காது என்று இருந்தது. கட்டைவிரலைத் தள்ளினாள், அது நகரவில்லை, ஒன்பது வருஷமாக ஒரே பக்கம் தள்ளிப் பழகிய விரல், எதிர்ப்பக்கம் எப்படித் தள்ளுவது என்று அதற்குத் தெரியவில்லை. இடது கையால் தள்ளினாள். டிக்.

அவர் தோள் குலுங்கியது. ஒயர்ச் சுருள் நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. லாரி அவர் காதுக்குள் வந்துவிட்டது என்பது பார்க்கும்போதே தெரிந்தது. “மறுபடி” என்றார். அவள் பொத்தானைத் திருப்பித் தள்ளினாள். “போயிடுச்சு. மறுபடி.” தள்ளினாள். “வந்துடுச்சு.” இன்னும் ஒரு தரம் கேட்டார், போயிற்று, வந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார், அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் பொத்தானைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“நீ போட்டதா?”

“ஆமாண்ணே. பழக்கத்துல போட்டுட்டேன்.”

“இன்னைக்குத்தான் பாத்தியா?”

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. இன்றைக்குத்தான் பார்த்தாள், அது உண்மைதான், பொத்தானை இன்றைக்குத்தான் பார்த்தாள். “இன்னைக்குத்தான் பாத்தேன்” என்றாள். அவர் தலையாட்டப் போனார். “ஆனா அன்னைக்கே தெரியும்ணே. தெரிஞ்சு பாக்காம இருந்தேன். மூணு வாரமா.”

லாரி இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. “மூணு வாரம்” என்றார் கடைசியில். “வீட்டுல டிவி சத்தத்த ஏத்தி வச்சிக்கிட்டுக் கெடந்தேன், ஜெனோவா. தூங்கும்போது தலகாணில காத வச்சி வச்சிப் பாத்தேன், நாடி கேக்குதா கேக்குதான்னு.” குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. அவள் தலையைக் குனிந்து மேசையின் கீறலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் ஓடுவதைத் துடைக்கவில்லை. அவர் பெட்டியின் மூடியிலிருந்து அந்த வெள்ளைப் பிளாஸ்திரியின் முனையை நகத்தால் நெருடினார். அது அவ்வளவு எளிதாக வரவில்லை. பொறுமையாக, எழுத்துக் கிழியாமல், முழுசாக உரித்தார். பிறகு அவள் வலதுகையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலில், நகம் முழுக்க மறைகிற மாதிரி, இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி ஒட்டினார். சுற்றியது போக எழுத்து மேலே தெரிந்தது. பேஸ் வராது – ஜெனோவா.

“ராத்திரி பொட்டிய மூடறவரைக்கும் இது கழறக்கூடாது” என்றார். “எடுத்துட்டுப் போ.” தன் கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினார், காதில் வைத்தார். எந்தக் காதில் வைப்பது என்று யோசிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். “தம்பி, கோதண்டம் பேசறேன். எப்ப கிளம்பணும்?”

மேசையில் அவள் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. கட்டைவிரலால் தொட்டாள், பிளாஸ்திரிக்குத் திரை அசையவில்லை. இடது கையால் எடுத்தாள். “எங்க இருக்க, மைக் கிடைச்சுதா?” என்றான் அர்ஷத்.

“கிடைச்சுது” என்றாள். “வச்சிடாத, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மைக் சரியாத்தான் இருந்துது.”